கிண்ணம் யாருக்கு?

அம்மாச்சியின் அடக்கப் பூசையில் நற்கருணை வாங்க எல்லோரும் வரிசையில் எழுந்தபோது, அப்பாயி மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"நாங்க லுத்தரன்டா தம்பி. இந்தப் பந்தியில எனக்கு எல கெடையாது."

இருவரும் முப்பது வருஷச் சம்பந்திகள்.

இந்தப் பந்தித் தகராறுக்கு முந்நூறு வயது. 1706-இல் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது காவிரிச் சீமையில் கத்தோலிக்கர் ஏற்கெனவே இருந்தார்கள். சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அடுத்த பத்தாண்டுக்குள் அச்சாகிவிட்டது. தஞ்சையில் லுத்தரன் மிஷனுக்காக முதலில் உழைத்தவர்களில் ஒருவரான இராஜநாயக்கன், கத்தோலிக்கச் சிப்பாய். அந்தத் தமிழ் வேதத்தை வாசித்து அணி மாறியவர். கொள்ளிடக் கரையில், ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் சும்மா இருப்பாரா? தரங்கம்பாடிக்காரர்களுக்குப் பதிலாக 1728-இல் 'வேதவிளக்கம்' எழுதினார்.

சண்டை எதற்கு? நற்கருணையில் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அப்பத்தின் உட்பொருளே மாறிவிடுகிறது, தோற்றம் மட்டும் மிஞ்சுகிறது என்றது கத்தோலிக்கம். அப்பம் அப்பமாகவே இருக்கிறது, அதோடு கிறிஸ்துவின் உடலும் இருக்கிறது என்றார்கள் லுத்தரன்கள். சாதாரண விசுவாசி கண்ணால் பார்த்த வேறுபாடு கிண்ணம்தான். அன்று கத்தோலிக்கக் கோயிலில் திராட்சை ரசம் பூசை வைக்கும் குருவுக்கு மட்டும். லுத்தரன் திருவிருந்தில் சபையாருக்கும் உண்டு.

மரியாள் விஷயமும் இப்படித்தான். வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்குக் கலம்பகமே பாடியவர். ஆனால் மார்ட்டின் லுத்தரும் 1521-இல் மரியாளின் பாடலுக்குப் பக்தியோடு விரிவுரை எழுதினார். அவளை மதிப்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அவளிடம் கேட்கலாமா என்பதே கேள்வி.

இதையெல்லாம் கட்சி கட்டியவர்கள் தமிழில் எழுதியாக வேண்டியிருந்தது. ஊர்க்காரனை ஜெயிக்க அவனுக்குப் புரிகிற உரைநடை வேண்டுமே. தமிழ் உரைநடையின் ஆரம்பப் பக்கங்களில் சில, இந்தச் சண்டை நமக்குத் தந்தவை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்க விசுவாசிக்கும் கிண்ணம் தரலாம் என்றானது. மனிதன் நீதிமானாவது எப்படி என்ற பழைய வழக்கில் 1999-இல் இரு சபைகளும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. பந்தி மட்டும் இன்னும் இரண்டுதான்.

அப்பாயி எழாததை அவமானம் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை. நம்பாத ஒன்றுக்கு வாயைத் திறக்க மறுத்தார். சம்பந்திக்காகக் கடைசி ஜெபம் வரை உட்கார்ந்தும் இருந்தார். முந்நூறு வருஷச் சண்டையை இதைவிட மரியாதையாக யார் போட்டுவிட முடியும்?