எருவும் உரமும்: செபராங் பிறைக் கரும்பு நிலத்தின் சொல் வரலாறு

உழவு வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நில ஆவணங்களையும் ஏற்றுமதிக் கணக்குகளையுமே முதலில் நாடுவர். அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. எனினும், மண்ணைக் கொத்தி, எருவிட்டு, பயிரைப் பேணிய கைகளுக்கு உரியவர்கள் அவ்வேலையை எந்த மொழியில் பேசிச் செய்தனர் என்னும் வினாவை அவ்வாவணங்கள் எழுப்புவதில்லை. மொழியியலில் வாழ்நாளைச் செலவிட்ட நாம் அந்த வினாவிலிருந்தே தொடங்க விழைகிறோம். இவ்வுரையின் களம் செபராங் பிறை, பயிர் கரும்பு, பொருள், கரும்பு நிலத்துக்கு ஊட்டம் அளிக்கும் முறையும் அம்முறையைச் சுமந்து நிற்கும் தமிழ்ச் சொற்களும்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1786இல் பினாங்குத் தீவும் 1800இல் அதன் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையும் ஆங்கிலேயர் வசமாயின. அக்கரைக்கு அவர்கள் இட்ட பெயர் வெல்லெஸ்லி மாநிலம். பத்து காவான் பகுதியில் ஐரோப்பியர் வருமுன்னரே தியோச்சூ சீனர்கள் கரும்பு பயிரிட்டு வந்தனர். 1840களில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பெருமளவில் இறங்கினர். 1846இல் பினாங்குச் சர்க்கரைக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கும் பிரிட்டன் ஒரே இறக்குமதித் தீர்வை விதித்தபின் இத்தொழில் வேகம் பெற்றது. மேற்கிந்தியத் தீவுகளிலும் இந்தியாவிலும் மலாக்கா நீரிணைப் பகுதியிலுமாக 16 ஆண்டுகள் கரும்புத் தொழிலில் இருந்த லெனர்ட் ரே என்பவர், 1848இல் இலண்டனில் வெளியிட்ட கைந்நூலில் இப்பகுதியின் சிலாங்கூர்க் கரும்பை மிக உயர்வாகப் பேசுகிறார்.

இத்தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழர். ஒப்பந்த முறையில் வந்தவர் பலர். கங்காணி வழி வந்தவரும் உண்டு. காய்ச்சலாலும் கழிச்சலாலும் மாண்டவர் தொகை அக்காலத்து அரசையே கவலைகொள்ளச் செய்யும் அளவுக்கு உயர்ந்திருந்தது. 1910இல் ஒப்பந்த முறை மலாயாவில் ஒழிக்கப்பட்டது. அதே காலத்தில் ரப்பரின் விலையேற்றம் கரும்பை வெளியேற்றியது. 1910களின் தொடக்க ஆண்டுகளோடு செபராங் பிறையின் பெருங்கரும்புக் காலம் முடிந்தது. எழுபது ஆண்டுகள், அதாவது ஏறத்தாழ மூன்று தலைமுறை, தமிழர் அங்கே கரும்போடு வாழ்ந்திருக்கின்றனர்.

கரும்பு தமிழர்க்குப் புதிய பயிரன்று. அதியமானின் முன்னோர் கரும்பை இவ்வுலகிற்குக் கொண்டுவந்ததாக ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். பெரும்பாணாற்றுப்படை, கரும்புச் சாற்றைக் காய்ச்சும் புகை சூழ்ந்த இடத்தை ஆலை என்கிறது. இன்று எல்லாத் தொழிற்சாலைக்கும் பொதுவாகிவிட்ட அச்சொல், கரும்போடு உறவுகொண்டு இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. நாம் வளர்க்கும் பெருங்கரும்பு முதலில் மனிதரால் பயிராக்கப்பட்ட நிலம் நியூ கினி என்று தாவரவியலார் கூறுவர். ஆகவே, தீவுகளின் வழியே மேற்கு நோக்கிச் சென்ற பயிர், 19ஆம் நூற்றாண்டில் தமிழர் கைகளுக்கு மீண்டும் இக்கரையில் கிடைத்தது. மலாய்க்காரர் அதைத் தெபு என்றனர். நம்மவர் கரும்பு என்றனர். மலாய்மொழியின் குலா என்னும் சர்க்கரைப் பெயரும், வெல்லத்தைக் குறிக்கும் குளம் என்னும் பழந்தமிழ்ச் சொல்லும் வடமொழியின் குட என்னும் ஒரே சொல்லினின்று கிளைத்தவை. இரு மொழியாரும் அறியாமலே ஒரே சொல்லை வைத்திருந்தனர்.

கரும்பு எவ்வகைத் தாவரம்? புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. அவ்வரையறைப்படி கரும்பும் ஒரு புல்லே. இன்றைய தாவரவியலும் அதைப் புல் குடும்பத்திலேயே வைக்கிறது. மாடு மேயும் கினியாப்புல்லும் யானைப்புல்லும் கரும்பும் உறவுத் தாவரங்கள். மூன்றும் கடும் வெயிலைத் தாங்கி விரைவாக வளர்பவை. மூன்றும் மண்ணிடம் நிறையக் கேட்பவை. எனவே, மேய்ச்சல் நிலத்துக்கும் கரும்பு நிலத்துக்கும் ஊட்டமளிக்கும் அறிவு அடிப்படையில் ஒன்றே: எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல்.

இத்திருப்பிக் கொடுத்தலுக்குத் தமிழில் உள்ள மூத்த சொல் எரு. உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்பது வள்ளுவர் வாக்கு. இன்று நாம் பெரிதும் வழங்கும் உரம் என்னும் சொல்லோ, பழைய நூல்களில் வலிமையையும் மார்பையும் அறிவையும் குறித்தது. குறளில் வரும் உரம் மனத்திண்மையே, மண்ணில் இடுவதன்று. நிலத்துக்கு வலிமை தருவது என்னும் கருத்திலேயே அது எருவின் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்பது எமது துணிபு. தஞ்சைப் பகுதி உழவர் இன்றும் எருவைக் குப்பை என்பர். குப்பை அடித்தல் அவர்களுக்கு இழிவான சொல்லன்று. இலங்கைத் தமிழர் பசளை என்பர். மலேசியத் தோட்டத் தமிழில் உரம் போடுதல் நிலைபெற்றுவிட்டது. தொழுவத்தில் சேர்ந்த சாணம் தொழு எரு. அறுவடை முடிந்த வயலில் இரவு முழுதும் ஆடுமாடுகளை அடைத்து அவற்றின் கழிவை நேரே மண்ணுக்குச் சேர்ப்பது கிடை. சணப்பை, கொழிஞ்சி, தக்கைப்பூண்டு ஆகியவற்றை வளர்த்து அங்கேயே மடக்கி உழுவது பசுந்தாள் உரம். இவை ஒவ்வொன்றும் ஒரு தனிச் செயல்முறை. ஒன்றின் பெயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

கரும்பைப் பொறுத்தவரை இந்தத் திருப்பிக் கொடுத்தலில் ஒரு வியப்பு உண்டு. சர்க்கரை என்பது கரி, நீரியம், உயிரியம் ஆகிய மூன்றால் ஆனது. இம்மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருபவை. அப்படியாயின், மூட்டைகளில் ஏறி இலண்டன் சென்ற சர்க்கரை, செபராங் பிறை மண்ணின் ஊட்டத்தை ஏறக்குறைய எடுத்துச் செல்லவேயில்லை. மண் கொடுத்தவை எல்லாம் தோகையிலும் சக்கையிலும் பாகின் கழிவிலும் தங்கிவிடுகின்றன. அவற்றை முறையாகத் திருப்பினால் நிலம் பெரிதும் இளைக்காது. எடுத்த ஊட்டத்தை மண்ணுக்கு ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை 1840இல் செருமானிய வேதியியலார் லீபிக் ஐரோப்பாவில் பரப்பினார். தமிழ் உழவரின் சொற்களோ அச்சுழற்சியைக் கண்ணி கண்ணியாகப் பெயரிட்டு வைத்திருந்தன. கரும்பின் நுனியிலுள்ள இளந்தழை கொழுந்தாடை. அது மாட்டுக்குத் தீவனம், மாட்டின் வழியே தொழு எரு. காய்ந்த தோகை சோகை. அதை உரித்து வரிசைகளுக்கிடையே பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும், மட்கி எருவாகும். சாறு பிழிந்தபின் எஞ்சுவது சக்கை. அது கொப்பரையின் கீழ் எரிந்து சாம்பலாகும். சாம்பல் வயலுக்குத் திரும்பும். சோகையை வயலிலேயே தீயிட்டால் வேலை எளிதாகும். ஆனால் அதிலிருந்த தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடும்.

தழைச்சத்து என்றோம். 20ஆம் நூற்றாண்டு வேளாண் தமிழின் சிறந்த ஆக்கங்கள் என்று நாம் கருதுபவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்று சொற்கள். நைட்ரஜன் தழையை வளர்ப்பது. பாஸ்பரஸ் வேரூன்றவும் மணி பிடிக்கவும் துணை செய்வது. பொட்டாசியம் சாம்பலில் கிடைப்பது. சொல்லே பாடமாகிறது. கரும்புக்காரர்க்கு முதற்சொல் ஓர் எச்சரிக்கையும் ஆகும். தழைச்சத்தை நட்ட முதல் மூன்று மாதங்களுக்குள் பகுத்து இட்டால் தூர் வெடிக்கும், கணு நீளும். காலம் தாழ்த்தி இட்டாலோ பெயருக்கேற்பத் தழையே பெருகும். சாறு நீர்த்துப்போகும், சர்க்கரை குறையும். சாம்பல்சத்து, இலையில் உருவான சர்க்கரை தண்டுக்கு இறங்கத் துணை புரியும். மேய்ச்சல் நிலத்திலும் இதே கணக்கு வேறு வடிவில் வருகிறது. புல்லோடு முயல்மசால், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனங்களைக் கலந்து விதைத்த நிலத்தில் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் புல் ஓங்கிப் பயறு மறைந்துவிடும். மணிச்சத்து இட்டால் பயறு தழைத்து, அதுவே காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும்.

செபராங் பிறையின் கரும்புக் காலத்தைப் பற்றி இங்கே ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா செய்யும் முதல் தொழிற்சாலை செருமனியின் ஒப்பாவ் நகரில் இயங்கத் தொடங்கியது 1913இல். அதாவது, தொழிற்சாலைத் தழைச்சத்து பிறந்தபோது இங்கே கரும்பு விடைபெற்றுவிட்டது. அந்த எழுபது ஆண்டுகளிலும் அந்நிலத்துக்கு ஊட்டமாகச் சென்றவை விலங்கும் செடியும் சுரங்கமும் கடற்பறவையும் தந்தவையே. மூட்டையாயினும் கூடையாயினும், அவற்றைச் சுமந்து தூருக்குத் தூர் இட்டவை மனிதக் கைகள். தாழ்வான களிமண் நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும், மண் அணைத்ததும், சோகை உரித்ததும் அக்கைகளே.

இவ்வேலைகளுக்கான சொற்களில் எவை தோட்டத்துரைகளின் புத்தகங்களில் ஏறின? பிண்ணாக்கு ஏறியது. எண்ணெய் பிழிந்த எச்சத்தைக் குறிக்கும் இத்தமிழ்ச் சொல், பூனாக் என்னும் வடிவில் ஆங்கில அகராதியிலேயே இடம்பெற்றுள்ளது. கங்காணி ஏறியது. கூலி ஏறியது. விலைக்கு வாங்கிய பொருளும், ஆள் சேர்த்த முறையும், கொடுத்த காசும் கணக்கில் வரவேண்டியவை. எனவே அவற்றின் பெயர்களும் வந்தன. நடுவதற்கு வெட்டிய துண்டாகிய கரணை ஏறவில்லை, கொழுந்தாடை ஏறவில்லை, சோகை ஏறவில்லை. வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பயிருக்கு மறுதாம்பு, கட்டைக்கரும்பு என்னும் அழகிய சொற்கள் நம்மிடம் இருக்க, ஆங்கிலம் துளிர் எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லினின்று ராட்டூன் என்பதை எடுத்துக்கொண்டது. அது மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த பழக்கம். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் மறுதாம்பு வெறும் பெயரன்று. பழைய வேர்கள் மடிந்து புதியவை பிடிக்கும்வரை அப்பயிர் பசித்திருக்கும். ஆகவே கட்டையைத் தரைமட்டத்தில் சீவி, முதல் நடவைவிடக் கால் பங்கு கூடுதலான தழைச்சத்தை வெட்டிய ஒரு வாரத்துக்குள் இடுமாறு இன்றைய தமிழக வேளாண் பரிந்துரை கூறுகிறது. வெட்டுண்டது மீண்டும் எழ வேண்டுமாயின் அதற்கு முன்னதாகவே ஊட்டம் தேவை.

தமிழ்ச் சொல் உலகேறிய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 என்னும் கலப்பினத்தின் தாய், வெள்ளை என்று உழவர் அழைத்த உள்ளூர்க் கரும்பு. தந்தை, தானே வளரும் காட்டு நாணல். அறிவியலார் அப்பெயரை மாற்றவில்லை; கரும்பு இனங்களின் வம்சாவளியில் வெள்ளை இன்றும் தமிழ்ப் பெயராகவே நிற்கிறது. எழுதி வைத்ததால் பிழைத்த சொல் அது.

செபராங் பிறையில் எழுதி வைப்பார் இல்லை. கரும்பு போய் ரப்பர் வந்ததும் பால்மரம், வெட்டு, மங்கு, கோட்டுவாளி என்று வேறொரு சொற்கூட்டம் எழுந்தது. சோகை உரித்தவரின் பேரர்க்குச் சோகை என்றால் இரத்தக்குறைவு நோய் மட்டுமே. 1970களில் பெர்லிசின் சுப்பிங்கில் கரும்பு மீண்டும் பெருமளவில் பயிராகி, அதுவும் பின்னர் நின்றது. இப்போது ரப்பர்ச் சொற்களும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. பால்வெட்டிய தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் பிள்ளைகள் நகரங்களில் வாழ்கின்றனர். அவ்வாழ்வை நாம் குறைகூறவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியது அவர்கள் பட்ட பாட்டின் பயன். ஆனால் வேலையை விட்டு வெளியேறும்போது அவ்வேலையின் அறிவையும் அங்கேயே விட்டுவர வேண்டும் என்பதில்லை.

மொழியை வளர்த்தல் என்றால் புதுச்சொல் ஆக்குதல் என்றே நாம் பல காலம் எண்ணி வந்தோம். நாமும் அப்பணியில் ஈடுபட்டவரே. இன்று சற்றே மாற்றி எண்ணத் தோன்றுகிறது. இருக்கும் சொல்லை அதன் செயல்முறையோடு பதிவு செய்வது அதனினும் முந்திய கடமை. தழைச்சத்து என்னும் ஆக்கம் வென்றதற்குக் காரணம், தழை என்னும் சொல் உழவர் வாயில் ஏற்கெனவே உயிரோடு இருந்ததுதான். அடிமண் இளைத்தால் மேலே எதை நட்டும் பயனில்லை.

எனவே, இவ்வவையினரிடம் எமது வேண்டுகோள் எளியது. உங்கள் வீட்டில் தோட்ட வேலை செய்த முதியவர் இருப்பின், அவரிடம் சென்று அமருங்கள். உரம் எப்படிப் போட்டீர்கள், எதில் சுமந்தீர்கள், மரத்துக்கு எவ்வளவு, மழைக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். செந்தமிழாக்கித் திருத்த வேண்டா. கரும்பு நிலத்தில் உழைத்தவரிடம் அவ்வாறு கேட்க எவரும் இருந்திலர். ரப்பர் நிலத்தில் உழைத்தவரிடம் கேட்க இன்னும் காலம் இருக்கிறது.