தட்டில் ஏறிய குரல்களும் ஏறாத குரலும்

தமிழ்நாட்டின் இசை வரலாறு பெரும்பாலும் மேடையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அரசவை, கோயில் மண்டபம், நாடகக் கொட்டகை, சபா என்று பாடுகிறவர் அமர்ந்த இடங்களை வரிசையாக அறிந்து வைத்திருக்கிறோம். கேட்கிறவர் அமர்ந்த இடத்தைப் பற்றி அவ்வளவாக அறியோம். இருபதாம் நூற்றாண்டில் இசையின் பெரும்பகுதி வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும்தான் கேட்கப்பட்டது. எந்த வீட்டில் எந்தத் தட்டு இருந்தது, அது யாருக்கு இரவல் போனது, எதை மறுபடி மறுபடி போடச் சொன்னார்கள் என்பதும் இசை வரலாறுதான்.

தூத்துக்குடி வட்டாரத்தை வைத்து இதைப் பார்க்கலாம். முத்துக்குளித்துறைக் கடற்கரை ஒருபுறம், எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் நிலம் மறுபுறம். நடுவே திருநெல்வேலிச் சாலையில் புதுக்கோட்டை போன்ற சிற்றூர்கள். (தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை வேறு.) இத்தகைய ஊர்களுக்கு இசை என்பது கோயில் கொடையிலும் கல்யாணத்திலும் திருவிழாவிலும் வந்து போகும் விருந்தாளி. வேண்டிய நேரத்தில் வேண்டிய குரலைக் கேட்பது ஜமீன் அரண்மனைகளுக்கே வாய்த்தது. அதை முதலில் மாற்றியது கிராமபோன்.

இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. பிரெட் கைஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கௌஹர் ஜானின் பாடலைப் பதிந்தார். அக்காலத் தட்டுகளின் முடிவில் பாடகி தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வதைக் கேட்கலாம். பதிவு ஜெர்மனியிலுள்ள ஹானோவருக்குக் கப்பலில் போய்த் தட்டாக அச்சாகித் திரும்ப வேண்டும். அங்குள்ள தொழிலாளிக்கு எது யாருடைய பாட்டு என்று தெரிய வேண்டும் அல்லவா? தென்னாட்டிலும் தொடக்க காலத்தில் பெண்களின் குரல்களே தட்டுகளில் முன்னால் நின்றன. சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்னம்மாள் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். ஆண் வித்வான்கள் பலர் இந்த இயந்திரத்தின் முன் பாடத் தயங்கிய காலம் அது. தேவதாசி மரபில் வந்த ஒரு பெண்ணைத் தன் வீட்டுக் கூடத்தில் பாட அழைத்திருக்க மாட்டாத குடும்பம், அவளுடைய தட்டை வாங்கி வைத்துக் கேட்டது. பாடியவளைத் தெருவில் நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்ளும் வசதியையும் இயந்திரம் தந்தது என்பதை மறக்கலாகாது. கோயம்புத்தூர் தாயியின் குரல் இன்னும் தொலைவு போயிற்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் அவருடைய ஒலிப்பதிவைக் கேட்டு, அதன் அடியொற்றி 'ராகமாலிகா' என்ற படைப்பையே எழுதினார்.

தட்டின் விதி ஒன்றுதான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாட முடியும். ஒரு ராகத்தை விரிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மரபுக்கு இது கொடிய விதி. நாடகப் பாட்டுக்கோ அது பொருந்தி வந்தது. உச்ச ஸ்தாயியில் நேராக ஏறி, கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிப் பழகிய குரல்கள் மூன்று நிமிடத்தில் கேட்பவரைப் பிடித்துவிட்டன. செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா அதற்குச் சிறந்த சான்று. அவரும் கே. பி. சுந்தராம்பாளும் முதலில் சேர்ந்து நடித்தது கொழும்பில். அவர்களின் புகழைத் தமிழ்நாடு முழுவதும் வீடுவீடாகக் கொண்டு சேர்த்ததில் இசைத்தட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கிட்டப்பா 1933இல் தமது 27ஆம் வயதில் காலமானார். அவருடைய நாடகத்தைக் கண்டவர் இன்று யாரும் இல்லை என்றே கொள்ளலாம். ஆனால் குரல் இருக்கிறது. அரக்குத் தட்டில் ஏறியதால் இருக்கிறது.

இதே வட்டாரம் தந்த இன்னொருவரை இங்கே நினைக்க வேண்டும். விளாத்திகுளம் சுவாமிகள் என்று அறியப்பட்ட நல்லப்ப சுவாமிகள் 1889இல் பிறந்து 1965 வரை வாழ்ந்தவர். கீர்த்தனைகளைவிட ராக ஆலாபனையிலேயே திளைத்தவர். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடியவர் என்று அவரைக் கேட்டவர்கள் சொன்னார்கள். கிட்டப்பா மறைந்து முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் இருந்தார். அதற்குள் இசைத்தட்டும் வானொலியும் வளர்ந்துவிட்டிருந்தன. ஆனாலும் நாம் வீட்டில் போட்டுக் கேட்க அவருடைய தட்டு ஒன்றும் இல்லை. மூன்று நிமிட விதியே இதற்கு முழுக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த விதிக்குள் அடங்கும் இசை அவருடையது அல்ல என்பது மட்டும் தெளிவு. இன்று அவர் நமக்குக் கிடைப்பது கேட்டவர்களின் சொற்களில்தான், குறிப்பாகக் கி. ராஜநாராயணனின் எழுத்தில்.

இடைசெவலைச் சேர்ந்த கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் இலக்கியத்தில் எவ்வளவு தோய்ந்தவர்களோ, இசையிலும் அவ்வளவு தோய்ந்தவர்கள். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்களில் இலக்கியத்தோடு இசையும் பேச்சாகவே ஓடுகிறது. ஒரு நண்பன் கேட்டதை மற்றவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியாத தவிப்பு அவற்றில் உண்டு. தட்டுகளை இரவல் கொடுப்பதும் ரசனையைக் கடிதத்தில் அனுப்புவதும் ஒரே செயலின் இரண்டு வடிவங்கள். முதலாவது குரலைக் காத்தது. இரண்டாவது குரல் இல்லாத இடத்தில் நினைவைக் காத்தது.

விரிவான இசைக்கும் தட்டுக்கும் நடுவில் பாலம் கட்டியது நாகசுரம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தட்டுக்காகச் சுருக்கப்பட்ட பின்னும் தோடியாகவே இருந்தது. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) கோவில்பட்டியில் வாழ்ந்தவர்; இந்தக் கரிசல் நண்பர்களுக்கு மிக நெருங்கியவர். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்த அவருடைய நாகசுரம், கல்யாணப் பந்தல் ஒலிபெருக்கிகளின் வழியே, கச்சேரி என்ற சொல்லையே கேட்டிராத வீடுகளையும் அடைந்தது.

தட்டில் ஏறியதெல்லாம் தடையின்றி வீட்டுக்கு வந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. எட்டயபுரத்துப் பாரதி 1921இல் மறைந்தார். நன்றாகப் பாடக்கூடியவர் என்று பெயர் பெற்ற அவருடைய குரல் நம்மிடம் இல்லை. அவருடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையோ 1930களில் ஓர் இசைத்தட்டு வணிகரிடம் போய்ச் சேர்ந்தது. பின்னர் அது ஏ. வி. மெய்யப்பனிடம் வந்தது. படமெடுப்பதற்கு முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் இசைத்தட்டுகளை விற்றவர் அவர். 1947இல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. ஆயினும் வேறொருவர் பதிய வேண்டுமானால் உரிமையாளரைக் கேட்க வேண்டியிருந்தது. 1949இல் அரசு அந்த உரிமையை ஏற்றுப் பின்னர் பொதுவுடைமையாக்கியது. வீட்டில் எதைக் கேட்கிறோம் என்பதை நம் ரசனை மட்டும் தீர்மானிப்பதில்லை. பதிவின் நீளமும் பத்திரத்தின் வாசகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கடற்கரைக்கு இன்னொரு வாசல் இருந்தது. பி. வி. கேஸ்கர் 1952இல் அமைச்சரானபின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கை வானொலி அவற்றைத் தந்தது. விவித பாரதி 1957இல் தொடங்கிய பின்னரும் அந்தப் பழக்கம் விடவில்லை. நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன் வாசிக்கப்படும் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் பாட்டுக்கு இணையாகக் காத்திருந்து கேட்டார்கள். நான் கேட்க விரும்புவது இது என்று ஒரு சிற்றூர்க்காரர் கடலுக்கு இருபுறமும் அறிவிக்க முடிந்தது. ரசனையைப் பகிர்வது அப்போது பொதுக்காரியமாயிற்று.

இன்று எந்தக் குரலும் கைபேசியில் கிடைக்கும் என்று தோன்றுகிறது. கிடைப்பதெல்லாம் யாரோ ஒருவர் பழைய தட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் கிடைப்பது. அரக்குத் தட்டு கை தவறினால் உடையும். இரும்பு முள் ஒவ்வொரு முறையும் அதைச் சற்றே தின்னும். பலமுறை கேட்கப்பட்ட தட்டே அதிகம் தேய்ந்த தட்டு. ஆகவே பரணில் கிடப்பவற்றைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: பாடியவர் பெயர், கம்பெனி, தட்டின் எண், வீட்டில் அதை விரும்பிக் கேட்டவர் யார் என்பது. முதல் மூன்றும் எங்காவது ஒரு பழைய விலைப்பட்டியலில் அகப்படலாம். நான்காவது அந்த வீட்டில் மட்டுமே இருக்கிறது.