மரக்கானா அரங்கிலே



அயல்நாடு செல்வோர் அங்குள்ள அரண்மனைகளையும் ஆலயங்களையும் நூதனசாலைகளையும் காண விழைவது இயல்பு. தென்னமெரிக்காவிலே பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகருக்குச் செல்வோர் மலையுச்சியில் நிற்கும் கிறித்துவின் சிலையைக் காண்பர். வளைந்து கிடக்கும் கடற்கரைகளைக் காண்பர். அதன்பின் ஓர் உதைபந்தாட்ட அரங்கைக் காணச் செல்வர். ஆட்டம் எதுவும் நடைபெறாத நாளிலேதான் அவர்கள் அங்கே செல்கின்றனர். சீட்டு வாங்கி, வழிகாட்டி ஒருவரின் பின்னே வரிசையாகச் சென்று, வெறுமையான அரங்கைச் சுற்றிப் பார்த்துத் திரும்புகின்றனர்.

ஆட்டமும் இல்லை, ஆட்டக்காரரும் இல்லை. அவ்விடத்திலே காண்பதற்கு என்ன உண்டு என்று நீங்கள் வினவலாம். போர் முடிந்த களத்தையும், அரசர் மறைந்த கோட்டையையும் மக்கள் எதற்காகப் பார்க்கச் செல்கின்றனரோ, அதற்காகவே இங்கும் செல்கின்றனர். நிகழ்ந்தது எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த இடத்தில் நின்று அதனை நினைத்துப் பார்க்கும் ஆசை மனிதனுக்கு உண்டு. இன்று நாமும் அவ்வழிகாட்டியின் பின்னே மனத்தால் நடந்து செல்வோம்.

வாயிலிலே முதலில் நம்மை வரவேற்பது ஒரு வெண்கலச் சிலை. 1958 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் உலகக் கிண்ணத்தை முதன்முறையாக வென்ற பிரேசில் அணியின் தலைவர் பெல்லினி, கிண்ணத்தைத் தலைக்கு மேலே உயர்த்தி நிற்கும் கோலம் அது. வந்தோர் யாவரும் அச்சிலையின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். வெற்றியைத்தான் வீட்டு வாயிலில் வைப்பது உலக வழக்கம். தோல்வியைத் தேடிக் காண வேண்டுமாயின் உள்ளே செல்லவேண்டும்.

அரங்கை உலகம் மரக்கானா என்று அழைக்கிறது. அப்பகுதியின் பெயரும், அருகே ஓடும் சிற்றாற்றின் பெயரும் அதுவே. கிளியினத்தைச் சேர்ந்த ஒரு பறவைக்கும் அப்பெயர் உண்டு. ஆனால், அரங்கின் முறையான பெயர் வேறு. பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ அரங்கு என்பதே அது. முற்காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இந்நிலத்தில் அரங்கை அமைப்பதா, நகரின் மறுகோடிக்குக் கொண்டுசெல்வதா என்று பெரும் வாதம் எழுந்தபோது, எல்லா மக்களும் எளிதில் வந்து சேரக்கூடிய இவ்விடமே தக்கது என்று தம் பத்திரிகையில் இடைவிடாது எழுதியவர் மாரியோ ஃபில்யோ. 1966 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இவர் 1947 ஆம் ஆண்டில் எழுதிய நூலொன்று, செல்வர் வீட்டு வெள்ளையரின் பொழுதுபோக்காகத் தொடங்கிய உதைபந்தாட்டத்தில் கறுப்பின மக்கள் எவ்வாறு தமக்குரிய இடத்தைப் பெற்றனர் என்பதை விரித்துரைப்பது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

உள்ளே சென்றால், புகழ்பெற்ற வீரர்களின் பாதச் சுவடுகள் பதித்த கற்பலகைகளைக் காண்கிறோம். பெலேயின் சுவடு உண்டு. வளைந்த கால்களால் உலகை மயக்கிய கரிஞ்சாவின் பெயர் உண்டு. இவ்வரங்கில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட கோல்களை அடித்த சீக்கோவின் சுவடு உண்டு. அவற்றிடையே அயல்நாட்டவர் ஒருவரின் சுவடும் இருக்கிறது. அவர் உருகுவே நாட்டின் அல்சீதெஸ் கிஜ்ஜியா. பிரேசில் மக்களை அழவைத்தவரின் பாதத்துக்குப் பிரேசில் மக்களே 2009 ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்விடத்தில் இடமளித்தனர். எதிரியின் திறமையை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

வீரர்கள் உடை மாற்றும் அறைகளைக் கடந்து, களத்துக்கு ஏறிச் செல்லும் வழியில் வழிகாட்டி நம்மை அழைத்துச் செல்கிறார். வழியின் முடிவில் திடீரென வெளிச்சம், பசும்புல், சுற்றிலும் வானளாவிய இருக்கை வரிசைகள். இங்கே நின்றுதான் 1950 ஆம் ஆண்டை நாம் நினைக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரினால் பன்னிரண்டு ஆண்டுகள் நடைபெறாதிருந்த உலகக் கிண்ணப் போட்டியை அவ்வாண்டு நடத்தும் பொறுப்பைப் பிரேசில் ஏற்றது. அதற்கென 1948 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இவ்வரங்கின் வேலை தொடங்கிற்று. உலகிலேயே மிகப் பெரிய அரங்கை எழுப்பிவிட்டால் தம் நாடும் பெரிய நாடுகளின் வரிசையில் சேர்ந்துவிடும் என்று ஆட்சியாளர் எண்ணினர். 1950 ஜூன் 16 ஆம் நாள், வேலை முற்றும் முடியாத நிலையிலேயே, அரங்கு திறக்கப்பட்டது. அன்று ரியோ அணிக்கும் சாவோ பாவுலோ அணிக்குமிடையே நடந்த ஆட்டத்தில் முதற் கோலை அடித்தவர் தீதி என்னும் இளைஞர். அவரே பின்னர் இருமுறை உலகக் கிண்ணம் வென்றார்.

அவ்வாண்டுப் போட்டியின் முடிவை, இன்றுள்ளது போல ஓர் இறுதியாட்டம் தீர்மானிக்கவில்லை. நான்கு நாடுகள் தம்முள் ஒன்றோடொன்று மோதி, அதிக புள்ளிகள் பெறும் நாடு கிண்ணத்தைப் பெறுதல் வேண்டும் என்பது விதி. பிரேசில் சுவீடனை 7–1 என்றும், ஸ்பெயினை 6–1 என்றும் வென்றிருந்தது. கடைசி ஆட்டம் ஜூலை 16 ஆம் நாள் உருகுவேயுடன். வெல்லவும் வேண்டியதில்லை, சமமாக முடித்தாலே போதும். சீட்டு வாங்கி உள்ளே வந்தோர் மட்டும் 173,850 பேர். அரங்கில் இருந்தோர் ஏறக்குறைய இரண்டு இலட்சம் என்பர். ஆட்டம் தொடங்குமுன்பே நகரத் தலைவர் ஒலிபெருக்கியில் பிரேசில் வீரர்களை உலக வெற்றியாளர் என்று வாழ்த்தினார்.

இரண்டாம் பாதி தொடங்கிய உடனே ஃபிரியாசா பிரேசிலுக்காக ஒரு கோல் அடித்தார். ஆரவாரம் அடங்குமுன், உருகுவே அணித்தலைவர் ஒப்தூலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவரிடம் சென்று நெடுநேரம் வாதாடினார். முடிவு மாறாது என்பதை அவரும் அறிவார். கூட்டத்தின் ஆரவாரம் தணிய வேண்டும், தம் வீரர்களின் கலக்கம் தெளிய வேண்டும் என்பதே அவர் கருத்து. பின்னர் வலப்புறமாக ஓடிய கிஜ்ஜியா பந்தைக் கோல் முன்னே அனுப்ப, ஸ்கியாஃபீனோ அதனை உள்ளே அடித்தார். 79 ஆம் நிமிடத்தில் கிஜ்ஜியா மீண்டும் அதே வழியில் ஓடினார். முன்போலவே பந்தை நடுவே அனுப்புவார் என்று கருதிய கோல் காப்பாளர் பர்போசா, கம்பத்தை விட்டு ஓரடி நகர்ந்தார். அந்த ஓரடி இடைவெளியில் பந்து புகுந்தது.

உலக உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவர் ஜூல் ரிமே, ஆட்டம் சமமாக இருந்தபோதே கிண்ணத்துடன் கீழே இறங்கத் தொடங்கியிருந்தார். பிரேசிலைப் பாராட்டும் உரையும் அவரிடம் ஆயத்தமாக இருந்தது. அவர் களத்துக்கு வந்து சேர்ந்தபோது அரங்கு முழுவதும் மௌனம். அணிவகுப்பும் இல்லை, இசையும் இல்லை. சந்தடிக்கிடையே ஒப்தூலியோவைத் தேடிப் பிடித்து, கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அகன்றார்.

வானொலி நேயர்களாகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி சிறப்பாக உரியது. அரங்கில் இருந்தோர் இரண்டு இலட்சம். வானொலிப் பெட்டியின் அருகே இருந்தோரோ பல இலட்சம். பவுரு என்னும் ஊரில் ஒரு தந்தை வானொலியைக் கேட்டவாறு கண்ணீர் விட்டார். "அழாதீர்கள் அப்பா, நான் உங்களுக்கு ஒரு கிண்ணம் வென்று தருவேன்" என்ற பொருள்பட அவருடைய ஒன்பது வயது மகன் ஆறுதல் கூறினான். அச்சிறுவனே பெலே. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அச்சொல்லை அவர் காத்தார். 1969 நவம்பர் 19 ஆம் நாள் தம் ஆயிரமாவது கோலை ஒரு தண்ட உதையினால் அவர் அடித்ததும் இதே களத்தில்தான்.

நாட்டின் துயரம் பலவாறு வெளிப்பட்டது. அன்று வீரர் அணிந்திருந்த வெள்ளைச் சட்டை ஆகாது என்று ஒதுக்கப்பட்டது. கொடியின் நான்கு நிறங்களையும் கொண்ட புதிய உடையை வரைந்து தருமாறு செய்தித்தாளொன்று 1953 ஆம் ஆண்டில் போட்டி வைத்தது. உருகுவே எல்லையோர ஊரொன்றில் பிறந்த அல்தீர் ஸ்க்லே என்னும் இளைஞர் அதில் வென்றார். இன்று உலகமெல்லாம் அறிந்த மஞ்சட் சட்டை அவ்வாறு பிறந்ததே.

சட்டையை மாற்றுவது எளிது. மனிதனை என்ன செய்வது? "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்பது நம் பழமொழி. ஆட்டத்துக்கு முன்பே வெற்றி விழாக் கொண்டாடியோர் உண்டு, அரசியல் ஆதாயத்துக்காக வீரர்களின் ஓய்வைக் கெடுத்தோர் உண்டு, ஆடியோர் பதினொருவர். எனினும் பழி விழுந்தது பர்போசா, பிகோதெ, ஜுவெனால் என்னும் மூவர் மீதே. மூவரும் கறுப்பினத்தவர். பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1888 ஆம் ஆண்டில். அறுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தும் பழைய இகழ்ச்சி ஒரே மாலையில் மீண்டும் தலைதூக்கிற்று. மாரியோ ஃபில்யோ 1964 ஆம் ஆண்டில் தம் நூலை விரித்தெழுதியபோது, இவ்வநீதியையும் அதில் பதிவு செய்தார். அவர் பெயர் தாங்கிய அரங்கிலேதான் இது நிகழ்ந்தது.

பர்போசா தம் காலத்தின் மிகச் சிறந்த காப்பாளருள் ஒருவர். 1949 ஆம் ஆண்டில் தென்னமெரிக்க வெற்றிக் கிண்ணத்தைப் பெற்ற அணியில் இருந்தவர். ஆயினும் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 1970 ஆம் ஆண்டளவில் கடையொன்றில் நின்றிருந்தபோது, தம் மகனிடம் ஒரு பெண், "பார், பிரேசில் முழுவதையும் அழவைத்தவர் இவர்தாம்" என்று தம்மைச் சுட்டிக்காட்டியதைப் பர்போசாவே பின்னர் நினைவுகூர்ந்தார். பிரேசிலின் அக்காலச் சட்டப்படி ஒரு குற்றவாளிக்கு மிகுதியான தண்டனை முப்பது ஆண்டுகளாகவே இருந்தது. தாமோ செய்யாத குற்றத்துக்கு ஐம்பது ஆண்டுகள் தண்டனை அனுபவிப்பதாக அவர் வருந்திக் கூறுவதுண்டு. அரங்கின் பழைய மரக் கம்பங்கள் மாற்றப்பட்டபோது, அவற்றை வீட்டுக்குக் கொண்டுசென்று அடுப்பெரித்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 2000 ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் காலமானார். கிஜ்ஜியாவோ 2015 ஆம் ஆண்டு, அதே ஜூலை 16 ஆம் நாளில் மறைந்தார். அன்று களத்தில் ஆடியோரில் இறுதிவரை வாழ்ந்திருந்தவர் அவரே.

இனிச் சற்று நிமிர்ந்து இருக்கைகளை நோக்குவோம். நாம் காண்பது 1950 ஆம் ஆண்டின் அரங்கு அன்று. வெளிச்சுவர் மரபுச் செல்வமாகக் காக்கப்பட்டமையால் பழைய வடிவில் நிற்கிறது. உள்ளமைப்போ 2014 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்காக இடிக்கப்பட்டு, 2013 ஆம் ஆண்டில் புதிதாக எழுப்பப்பட்டது. கூடு பழையது, உள்ளிருப்பது புதியது. இன்று அமரக்கூடியோர் ஏறக்குறைய 78,000 பேர். முன்பு களத்தைச் சுற்றி, தரையோடு தரையாக, நின்று பார்க்கும் இடமொன்று இருந்தது. மிகக் குறைந்த கட்டணம் அதற்கே. வீரர்களின் கால்களைத் தவிர வேறொன்றும் நன்கு தெரியாது. மழை பெய்தால் நனையவேண்டும். ஆயினும் கூலித் தொழிலாளரும் தெருவோர வணிகரும் அரங்கைத் தம்முடையது என்று எண்ணியது அவ்விடத்தினாலேயே. 2005 ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. இருக்கைகள் வசதியாயின, அவற்றின் விலையும் உயர்ந்தது. ஏழை எளிதில் வரவேண்டும் என்று இடம் தேர்ந்த அரங்கிலே ஏழைக்கு இடம் சுருங்கிற்று.

2014 ஆம் ஆண்டில் பிரேசில் இவ்வரங்கில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. இறுதியாட்டத்துக்கு முன்னரே பெலோ ஒரிசாந்தே நகரில் ஜெர்மனியிடம் 7–1 என்று தோற்றது. அவ்விரவில் பலர் பர்போசாவை நினைத்தனர். ஏழு கோல்களைக் கண்டபின், ஒரு கோலுக்காக ஒரு மனிதனை ஐம்பது ஆண்டுகள் வாட்டியது எத்துணைப் பேதைமை என்பது அவர்களுக்குப் புலனாயிற்று. 2016 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் இதே மரக்கானாவில் ஜெர்மனியை வென்று பிரேசில் தங்கப் பதக்கம் பெற்றது. ஆனால், அதைக் காணப் பர்போசா இல்லை.

சுற்றிப் பார்த்து முடிந்தது. மீண்டும் பெல்லினியின் சிலையருகே வந்து நிற்கிறோம். கிண்ணத்தை உயர்த்திய கைகளை எல்லோரும் அறிவர். பந்து புகுந்த அந்த ஓரடி இடைவெளிக்குச் சிலை கிடையாது. ஆயினும் அரங்கை விட்டு வெளியேறும்போது நம் நெஞ்சில் நிற்பது அதுவே. பலர் கூடிச் செய்த பிழைக்கு ஒருவரைப் பலியிடும் வழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. விளையாட்டுக்கு மட்டும் உரியதுமன்று. நாம் யாரைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறோம் என்று நம்மை நாமே ஒருகால் கேட்டுப் பார்த்தால், மரக்கானாவுக்குச் சென்று வந்த பயன் வீட்டிலிருந்தே நமக்குக் கிட்டிவிடும்.