வயலில் புகுந்த உப்பு நீர்

கார்த்திகை வந்தால் திருவண்ணாமலையில் இலட்சோப இலட்சம் கால்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒருவரை நிறுத்தி, "நாகைக் கடலோரத்தில் நெல் வயல் உப்பானது ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் அவன் செயல்" என்பார். அவன் செயலா? அல்ல தோழர்களே, அல்ல! எவன் செயல் என்பதை வரலாறு ஏட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது.

இறால் வளர்ப்பு நேற்று முளைத்த தொழிலன்று. கேரளத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல். அறுவடைக்குப் பின் இறால். அலையோடு குஞ்சு வந்தது. அலையோடு தீனியும் வந்தது. உழவனும் வாழ்ந்தான், வயலும் வாழ்ந்தது.

பின்னர் வந்தது வேறு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இறாலுக்கு விலை ஏறிற்று. முதலில் ஏற்றம் கண்ட தைவான், நோய் தாக்கி 1988இல் சரிந்தது. அந்தச் சரிவு நமக்குப் பாடமாகியிருக்க வேண்டும். நம் முதலாளிகளுக்கோ அது காலியான சந்தையாகக் காட்சி தந்தது! 1990களின் தொடக்கத்தில் ஆந்திரக் கரையிலும் தமிழ்நாட்டுக் கரையிலும் பண்ணைகள் பெருகின. அந்நியச் செலாவணி என்ற மந்திரம் ஓதப்பட்டது.

மந்திரத்தின் பலன் யாருக்கு? வரி இறாலுக்கு உவர்நீர் வேண்டும். கடல்நீரைக் குழாய் வைத்து இழுத்தனர். அதன் உப்பைக் குறைக்க நிலத்தடி நன்னீரை உறிஞ்சினர். நன்னீர் வற்றிய இடத்தில் கடல்நீர் புகுந்தது. குட்டைகளிலிருந்து கசிந்த உப்பு, பக்கத்து வயலை மலடாக்கிற்று. எஞ்சிய தீனியும் கழிவும் மருந்தும் வாய்க்காலில் கலந்தன. குடிநீர்க் கிணறு கரித்தது. மீனவர் கடலுக்குச் செல்லும் வழியை வேலி மறித்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் கூட்டம் கூட்டமாகப் பெண்களை அழைத்த அதே நிலம், பண்ணையானதும் ஒரு சில காவலாளிகளோடு நிறுத்திக் கொண்டது.

அந்தப் பெண்கள் யார்? 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் தீக்கிரையான கீழ்வெண்மணியைப் பெற்ற மண்ணின் மக்கள். ஒரு காணி நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு நிலம் பெற்றுத்தர உழைத்தவர்கள் ஜகந்நாதன் - கிருஷ்ணம்மாள் இணையர். அவர்கள் சர்வோதயம் பேசினர். நம் வழி வேறு. ஆயினும் உழுபவர் பக்கம் நின்றவரைப் போற்றத் தயங்குவது பகுத்தறிவு ஆகாது. கையில் கிடைத்த நிலத்தை உப்பு விழுங்குவதைக் கண்டதும் அவர்கள் மறியலில் இறங்கினர். 1994இல் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினர்.

தமிழக அரசு 1995இல் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றிற்று. அதே காலத்தில் வெண்புள்ளி நோய் குட்டைகளைச் சூறையாடிற்று. 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி தந்த அறிக்கையை நீதிமன்றம் எடுத்துக்காட்டிற்று: பண்ணைகள் விளைவித்த சேதம், அவை ஈட்டிய வருவாயினும் பெரிது! கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துப் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் பண்ணையாக்கக் கூடாது. வேலையிழக்கும் தொழிலாளிக்கு 6 ஆண்டு ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும் என்றது.

வென்றது ஏழை என்று எண்ணினீர்களா? மறுஆய்வு மனுக்கள் வந்தன; இடிப்பு நின்றது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, அந்த மண்டலத் தடையிலிருந்து பண்ணைகளுக்கு விலக்களித்தது. தீர்ப்பு ஏட்டில் நின்றது. பண்ணை நிலத்தில் நின்றது.

2009இல் அமெரிக்கக் கண்டத்து வனாமி இறால் நுழைந்து, வரி இறாலை ஓரங்கட்டிற்று. உலகின் முன்னணி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக இந்தியா உயர்ந்தது. பதப்படுத்தும் ஆலைகளில் பல்லாயிரம் பெண்களுக்கு வேலை கிடைத்ததையும் மறைப்பதற்கில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, இங்கே குட்டைக்காரரின் நெஞ்சு படபடத்தது. எங்கோ இருப்பவன் தட்டை நம்பி நம் மண்ணை ஈடு வைத்ததன் விளைவு அது!

இறால் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். எந்த நிலத்தில், எவர் நீரில், எவர் இசைவோடு என்று கேட்பதே நம் வாதம். இலாபத்தைக் கணக்கிடும்போது கரித்துப்போன கிணற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

விதி என்று சொன்னால் அழுதுவிட்டு அடங்கலாம். காரணம் கண்டால் கேள்வி பிறக்கும். நாகை உழத்தியர் கேள்வி கேட்டனர். உச்சநீதிமன்றமே விடை சொல்ல வேண்டியதாயிற்று. அந்த விடையை நடைமுறையாக்கும் பணி இன்னும் முடியவில்லை. இளைஞர்களே, அது உங்களுக்காகக் காத்திருக்கிறது!