மரபும் தொற்றும்: பிரியான் புரத வேறுபாடுகளின் ஆய்வு வரலாறு

முன்னுரை

பிரியான் புரதம் பாலூட்டிகளின் மூளையில் இயல்பாகவே காணப்படுவது. அது பிறழ்வாக மடிப்புறும்போது, பிற இயல்பான புரதங்களையும் தன் வடிவிற்கு மாற்றி மூளையைச் சிதைக்கிறது. இத்தகைய நோய்கள் மரபால் வருவனவா, தொற்றால் வருவனவா என்னும் விவாதம் ஆட்டு நோயிலும் மனித நோயிலும் தனித்தனியே எழுந்தது. அவ்விவாதம் தீர்வுற்ற முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆடுகளின் நோய்

செம்மறியாடுகளைத் தாக்கும் ஸ்க்ரேபி, ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு முதல் அறியப்பட்டது. சில வழிவந்த ஆடுகளிலேயே மிகுந்து தோன்றியமையால் அது பரம்பரை நோய் எனக் கருதப்பட்டது. 1936இல் பிரெஞ்சு அறிஞர்கள் குயியே, ஷெல் ஆகியோர் நோயுற்ற ஆட்டின் திசுவைச் செலுத்தி, நலமான ஆட்டிற்கு அந்நோயை உண்டாக்கிக் காட்டினர். அதன் பின்னரும் ஆங்கிலேய அறிஞர் பாரி, அது ஒடுங்கு மரபணுவால் வருவதே என வாதிட்டார்.

ஃபோரே மக்களின் நோய்

நியூ கினியின் கிழக்கு மேட்டுநிலத்தில் வாழும் ஃபோரே மக்களிடையே நிலவிய ‘குரு’ என்னும் நடுக்க நோயை 1957இல் ஜிகாஸ், கஜ்டுசெக் ஆகியோர் மருத்துவ உலகிற்கு அறிவித்தனர். குடும்பங்களுக்குள் தொடர்ந்ததால் இதுவும் மரபு நோய் எனப்பட்டது. ஃபோரே மக்கள் தம் நிலப்பகுதியை விட்டு வெளியேறாமல் தடுக்கும் யோசனையும் எழுந்தது. 1959இல் ஹாட்லோ, குருவிற்கும் ஸ்க்ரேபிக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். 1960களின் தொடக்கத்தில் மானிடவியலாளர்கள் லிண்டன்பாம், கிளாஸ் ஆகியோர் முதியோர் நினைவுகளையும் உறவுமுறைகளையும் தொகுத்து, நோய் அண்மைக்காலத்தில் பரவியது என்றும், இறந்தோர் உடலை உண்ணும் ஈமச் சடங்கே அதன் வழி என்றும் காட்டினர். குரு சிம்பன்சிக்குத் தொற்றியது 1966இல் மெய்ப்பிக்கப்பட்டது.

புரதம் தந்த விடை

1982இல் புருசினர் ‘பிரியான்’ என்னும் பெயரை வழங்கினார். பின்னர் மரபணு ஆய்வுகள் வழக்கைத் தெளிவுபடுத்தின. ஆட்டின் பிரியான் புரதத்தில் 171ஆம் இடத்தில் ஆர்ஜினின் அமைந்தால் வழக்கமான ஸ்க்ரேபி பற்றுவது அரிது; குளூட்டமின் அமைந்தால் எளிது. மனிதரில் 129ஆம் இடத்தில் மெத்தியோனைன் அல்லது வேலைன் அமையும். மாட்டிலிருந்து மனிதர்க்குப் பரவிய நோய்க்கு ஆளானோரில் ஏறத்தாழ அனைவரும் பெற்றோர் இருவரிடமிருந்தும் மெத்தியோனைன் வகையையே பெற்றவர்கள். ஈமச் சடங்கில் பங்கேற்றும் நோயின்றி முதுமை எய்திய ஃபோரே பெண்களில் பெரும்பாலோரோ இருவகையையும் ஒருங்கே பெற்றிருந்தனர். 127ஆம் இடத்தில் கிளைசினுக்கு மாற்றாக வேலைன் அமைந்த வகை, குரு பரவிய பகுதியில் 2009இல் கண்டறியப்பட்டது. அது நோய்க்காப்பு அளிப்பதை 2015இல் எலிகளில் நடத்திய சோதனை உறுதிசெய்தது.

முடிவுரை

மரபுக் கொள்கையினர் கண்ட பரம்பரைத் தொடர்ச்சி பொய்யன்று. அதற்கு அவர்கள் தந்த பொருளே பிழை. வழிவழியாக வந்தது நோயன்று, நோயை ஏற்கும் அல்லது எதிர்க்கும் இயல்பு. தொற்றுக் கொள்கை மட்டும் எஞ்சியிருப்பின், ஒரே சடங்கில் பங்கேற்றோருள் சிலர் பிழைத்தது விளங்காமலேயே போயிருக்கும். குறைபாடுள்ள மரபினர் எனக் கருதப்பட்ட மக்களிடமே நோயை வெல்லும் மரபும் இருந்தது என்பது இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.