வாழைமரத்து நோட்டும் நெல் விலையும்

போன பொங்கலுக்குக் கல்லல் போயிருந்தப்ப, பரண்மேல இருந்த தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டச் சொன்னாங்க அப்பத்தா. பெங்களூர்ல வாரம் முழுக்க ஆணி புடுங்குறவனுக்கு ஊருக்குப் போனாலும் ஆணிதான் :-) பெட்டிக்குள்ள ஒரு பழைய பேரேடு, துருப்பிடிச்ச சாவிக்கொத்து, அடியில சணல்ல கட்டின ஒரு நோட்டுக்கட்டு. பத்து டாலர் நோட்டு. வாழைமரம் குலை தள்ளி நிக்குது. கேட்டவுடன் பத்து டாலர் தருவதாக ஜப்பான் அரசாங்கம் வாக்குக் கொடுக்குதுன்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கு.

"இந்தக் காகிதத்தைக் குடுத்துத்தான் கடன்காரனெல்லாம் எங்க மாமாவை மொட்டையடிச்சான்"னாங்க அப்பத்தா. மாமான்னா எங்க ஐயாவோட அப்பச்சி. அவர் மலாயாவுக்கும் அவர் தம்பி பர்மாவுக்கும் கொண்டுவிக்கப் போனவங்க. எங்க பக்கம் பாதி வீடு இப்படிக் கட்டினதுதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2022-ல நான் ஒரு ஜெர்மன் கிளையண்ட்டுக்குப் பொட்டி தட்டிக்கிட்டிருந்தேன். ரஷ்யா உக்ரைன்மேல படையெடுத்த வருஷம். தினமும் காலையில கால்ல அந்த ஊர்க்காரர் வேலையைப் பேசுறதுக்கு முன்னாடி கேஸ் பில்லைப் பத்திப் புலம்புவார். அந்த அக்டோபர்ல யூரோ நாடுகள்ல விலைவாசி ஒரு வருஷத்துல 10.6 சதவீதம் ஏறியிருந்துச்சு. ஜெர்மன் அரசாங்கம் எரிபொருள் செலவைத் தாங்க 200 பில்லியன் யூரோ வரைக்கும் கடன் வாங்கத் திட்டம் போட்டுச்சு. ஐரோப்பிய மத்திய வங்கி, மைனஸ் 0.5-ல இருந்த வட்டியை 2022 ஜூலையில ஏத்த ஆரம்பிச்சு 2023 செப்டம்பருக்குள்ள 4 சதவீதத்துக்குக் கொண்டுபோச்சு. ஒருநாள் அவர், "சேமிச்சு வச்சவன் நான், நஷ்டமும் எனக்கு. கடன் வாங்கி வீடு கட்டின என் மச்சான் சிரிக்கிறான்"னார். அப்பத்தா சொன்னதும் இதேதானே!

சரி, மலாயாவுல என்னதான் நடந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். 1942 பிப்ரவரி 15 அன்னைக்கு சிங்கப்பூர் விழுந்துச்சு. ஜப்பான்காரன் தன் படைச் செலவுக்கு வரியைவிட அச்சு இயந்திரத்தைத்தான் நம்பினான். பின்னாடி வந்த நோட்டுகள்ல வரிசை எண்கூடக் கிடையாது, வெறும் எழுத்து மட்டும்தான் (என் கையில இருந்த கட்டும் அப்படித்தான்). அரிசி வரத்தோ குறைஞ்சுபோச்சு. நோட்டு கூடக் கூட, சரக்கு குறையக் குறைய விலை எகிறாம என்ன செய்யும்? 1945-ல ஒரு மூட்டைப் பணத்துக்கு ஒரு மூட்டை அரிசி வராத நிலைமை. போருக்கு முன்னாடி நல்ல டாலர்ல வாங்கின கடனை, பலபேர் இந்த நோட்டைக் கொண்டுவந்து அடைச்சாங்க. வேண்டாம்னு சொல்ல முடியாது, ஜப்பான் பட்டாளம் ஆளுற ஊர். 1945 செப்டம்பர்ல பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்து நோட்டு செல்லாதுன்னுட்டான். கட்டு கட்டா வச்சிருந்தவன் கையில காகிதம்தான் மிச்சம்.

அப்ப அந்தக் கடன் அடைஞ்சுச்சா, அடையலையா? இதுக்குன்னே 1948-ல மலாயாவுல தனிச் சட்டம் போட்டாங்க. 1943 கடைசி வரைக்கும் ஜப்பான் பணத்துல கட்டினது முழுசாக் கட்டினதாக் கணக்கு. அதுக்கப்புறம் கட்டின பெரிய தொகைகளுக்கு மட்டும், இந்த மாசத்து ஜப்பான் டாலர் பழைய டாலர்ல இவ்வளவுன்னு ஒரு அட்டவணை. ஒரு பணம் செத்த கதையை மாசவாரியாத் தேய்மானம் போட்டு எழுதின ஆவணம் அது. ஆகமொத்தம், அப்பத்தாவோட கோபத்துல நியாயம் இருக்கு.

இதோட முடிச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். ஆனா அந்தப் பேரேட்டையும் பிரிச்சுப் பார்த்தேன். அது தம்பியோட பர்மாக் கணக்கு. பக்கத்துக்குப் பக்கம் பர்மியப் பேருங்க தமிழ் எழுத்துல. ஆரம்பத்துல எல்லார் பேருக்கும் நேரா வட்டி வரவு. 1931-க்கு அப்புறம் ஒவ்வொரு பேருக்கு நேராவும் ஒரே சொல்: "நிலம்".

1930 வாக்குல பர்மாவுல செட்டியார் கடைகள் சுமார் 1,650. ரங்கூன் கோயில்ல மாசாமாசம் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பாங்க. இன்னைக்கு பிராங்பர்ட்ல மத்திய வங்கிக்காரங்க கூடி முடிவு பண்றாங்களே, அதோட சின்ன அண்ணன்னு வச்சுக்கலாம். ஐராவதி டெல்டா விவசாயி இவங்ககிட்ட வாங்கித்தான் காட்டை அழிச்சு நெல் போட்டான். உலகப் பெருமந்தம் வந்ததும் நெல் விலை பாதிக்கும் கீழே போயிருச்சு. 100 கூடை வித்து அடைக்க வேண்டிய கடனுக்கு 200 கூடை வித்தும் பத்தல. கடன் தொகையில ஒரு காசு குறையல.

இதுல லண்டனுக்கும் பங்கு இருக்கு. அப்ப பர்மாவுலயும் நம்ம ரூபாய்தான். 1927-ல அதை 1 ஷில்லிங் 6 பென்ஸ்னு கட்டிவச்சிருந்தாங்க. ரூபாய் மதிப்பைக் குறைச்சா விளைபொருளுக்கு ரூபாய்க்கணக்குல கூடக் கிடைக்கும்னு இந்திய வியாபாரிகளும் தலைவர்களும் கேட்டுப் பார்த்தாங்க, அசையல. ஏன்னா இந்திய அரசாங்கம் கடனுக்கு வட்டி, அதிகாரிகளுக்குப் பென்ஷன்னு வருஷாவருஷம் லண்டனுக்குப் பவுண்டுல கட்டணும். ரூபாய் இறங்கினா அந்தச் சுமை ஏறும். அரசாங்கக் கடனைக் காப்பாத்தின விகிதம், டெல்டா விவசாயியைக் காப்பாத்தல.

கீழ்பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930-ல 6 சதவீதம். 1938-ல 25 சதவீதம். அவங்க நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவங்க இல்ல, பணமாத்தான் திரும்பக் கேட்டாங்க. ஆனா நிலத்தை இழந்தவனுக்கு இந்த வித்தியாசம் எதுக்கு? கடைசியில போர், 1948-ல நில தேசியமயச் சட்டம்னு அதுவும் கைவிட்டுப் போச்சு.

பேரேட்டை வச்சுக்கிட்டு அப்பத்தாகிட்ட மெதுவாச் சொன்னேன். "அப்பத்தா, விலை ஏறினப்ப நம்ம பணம் போச்சு. விலை இறங்கினப்ப அவங்க நிலம் நம்மகிட்ட வந்துச்சு. ரெண்டுலயும் யாரும் பூட்டை உடைக்கல."

கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. வீட்டுத் தூண் அத்தனையும் பர்மாத் தேக்கு.

"அவுக வீட்டுலயும் ஒரு அப்பத்தா இருந்திருப்பாளே"ன்னாங்க.

நோட்டுக்கட்டைப் பெட்டியிலேயே வச்சுப் பூட்டிட்டேன். பேரேட்டை பெங்களூருக்குக் கொண்டுவந்திருக்கேன். அந்தப் பேரையெல்லாம் ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டிருக்கேன். எதுக்குன்னு இன்னும் தெரியல.