சவாய் ஹோட்டல், முசோரி

உத்தராகண்ட் மாநிலத்தின் முசோரியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சவாய் ஹோட்டல், பேய் நடமாட்டத்துக்குப் பெயர்போன இந்திய விடுதிகளில் முதல் வரிசையில் வருவது. 1911இல் இங்கே நஞ்சால் இறந்த ஓர் ஆங்கிலப் பெண்ணின் ஆவி இரவில் தாழ்வாரங்களில் உலவுகிறது என்பார்கள். பெரும்பாலான பேய் பங்களாக்களுக்கு ஊர்வாய்ப் பேச்சு மட்டுமே ஆதாரம். சவாய்க்கோ பிரேதப் பரிசோதனை, கைது, அலகாபாத்தில் நடந்த விசாரணை என்று ஒரு நிஜ வழக்கே பின்னால் நிற்கிறது.

லக்னோவில் பாரிஸ்டராக இருந்த சிசில் டி. லிங்கன், பழைய பள்ளிக்கூடம் ஒன்று இருந்த இடத்தில் இதைக் கட்டி 1902இல் திறந்தார். டேராடூனுக்கு ரயில் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு மேல் மலைப்பாதைதான். பெரிய பியானோ, பில்லியர்ட்ஸ் மேசை, மது பீப்பாய்கள் எல்லாம் மாட்டுவண்டியில் ஏறி வந்தன. 1905 காங்ரா நிலநடுக்கத்தில் சேதமடைந்து, பழுதுபார்த்த பிறகு மறுபடி நடந்தது. 1920இல் ஆங்கில அரசோடு பேச்சுவார்த்தைக்கு வந்த ஆப்கானியத் தூதுக் குழு இங்கேதான் தங்கியது. உடல்நலமில்லாத தாயோடும் மனைவியோடும் அதே ஹோட்டலில் இருந்த ஜவாஹர்லால் நேருவிடம், ஆப்கானியரோடு தொடர்பு வைத்துக்கொள்ளமாட்டேன் என்று உறுதி தரச் சொன்னது அரசு. அவர் மறுத்ததால் முசோரியை விட்டு வெளியேற்றப்பட்டார்.

விடிவதற்கு முன் ஒரு மணி அடிப்பார்களாம்; பக்திமான்கள் எழுந்து பிரார்த்தனை செய்யவும், மற்றவர்கள் அவரவர் அறைக்குத் திரும்பிவிடவும். அமெரிக்கப் பயண எழுத்தாளர் லோவல் தாமஸ் பரப்பிய கதை இது. கோடைக்கால முசோரி எப்படிப்பட்ட ஊராக இருந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விவரிப்பு கிடைக்காது. இரவில் தாழ்வாரங்களில் நடமாடியவை எல்லாம் ஆவிகள் என்று சொல்லத் தயங்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

1911இல் இங்கே இறந்தவர் பிரான்சஸ் கார்னெட் ஓர்ம், வயது 49. மணம் முடிக்க இருந்த அதிகாரி திருமணத்துக்கு முன்பே இறந்துபோக, அவரோடு பேசும் ஆசையில் ஆவியுலகத் தொடர்பில் இறங்கினார் என்று சொல்வார்கள். அந்த வழியில் அவருக்குத் துணையாக அமைந்தவர் லக்னோவைச் சேர்ந்த ஈவா மவுண்ட்ஸ்டீபன். பளிங்கு உருண்டை பார்த்துக் குறி சொல்பவர். 1911 கோடையில் இருவரும் சவாயில் தங்கினார்கள். ஈவா லக்னோவுக்குத் திரும்பிய பிறகு, செப்டம்பரில், உள்தாழிட்ட அறையில் ஓர்ம் கட்டிலில் இறந்து கிடந்தார். பரிசோதனையில் தெரிந்த நஞ்சு பிரஸ்ஸிக் அமிலம், அதாவது சயனைடு வகை.

சயனைடு சில நிமிடங்களில் ஆளை முடித்துவிடும். அப்படியிருக்க, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தவர் எப்படிக் கொன்றிருக்க முடியும்? பின்னால் சாப்பிடப்போகும் மருந்தில் முன்கூட்டியே நஞ்சைக் கலந்து வைத்துவிட்டுப் போனார் என்றது அரசுத் தரப்பு. துக்கத்தாலும் உடல்நலக் குறைவாலும் ஓர்ம் தானே உயிரை மாய்த்துக்கொண்டார் என்றது எதிர்த்தரப்பு. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து ஈவா விடுதலையானார். உண்மையில் என்ன நடந்தது என்பது அநேகமாகத் தெரியவரப்போவதில்லை என்று நீதிபதியே சொல்லிவிட்டார். ஆவிக்கதைக்கு இதைவிட நல்ல விளைநிலம் வேண்டுமா? குற்றவாளி பிடிபட்டிருந்தால் ஓர்மின் ஆவிக்குத் தேட ஆளே இருந்திருக்காது; இப்போதோ தன்னைக் கொன்றவரைத் தேடி அறை அறையாகப் போகிறது, கதவுப் பிடியைத் திருகிப் பார்க்கிறது, மெல்லப் பாடுகிறது என்றெல்லாம் சொல்ல முடிகிறது.

வாய்மொழியில் வேறு சில மாற்றங்களும் நடந்தன. மிஸ் ஓர்ம் 'லேடி' ஓர்ம் ஆனார். பேயாக உலவுவதற்கும் ஒரு பட்டம் இருந்தால் எடுப்பாக இருக்கிறது போலும். நஞ்சும் மாறியது: பிரஸ்ஸிக் அமிலத்துக்குப் பதில், எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரிக்னின். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் சில மாதங்களில் அதே ஸ்ட்ரிக்னினால் இறந்ததாக ஒரு கிளைக்கதை உண்டு.

இந்த ஸ்ட்ரிக்னின் வழக்கிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை. நாவலிலிருந்து கசிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அகதா கிறிஸ்டி 1920இல் வெளியிட்ட முதல் நாவலான 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' கதையில், வயதான சீமாட்டி ஒருவர் உள்தாழிட்ட அறையில் ஸ்ட்ரிக்னினால் சாகிறார். ஸ்ட்ரிக்னின் கலந்த டானிக்கில் புரோமைடு தூளைச் சேர்த்தால் நஞ்சு அடியில் படிந்துவிடும். கடைசி வேளை மருந்தில் மொத்தமும் சேர்ந்து உள்ளே போகும். கொலையாளி பக்கத்திலேயே இருக்கத் தேவையில்லை. சாவுக்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விடும் தோழி ஒருத்தியும் அதில் வருகிறாள். முசோரிச் செய்தியை ருட்யார்ட் கிப்ளிங் ஆர்தர் கோனன் டாயிலுக்குச் சொன்னதாகவும், அங்கிருந்து அது கிறிஸ்டிக்குப் போனதாகவும் ஒரு சங்கிலி சொல்லப்படுகிறது. முசோரிக்குப் பக்கத்து லண்டூரில் வாழும் ரஸ்கின் பாண்ட் இந்த வழக்கைப் பற்றி எழுதியதால் இந்தக் கதை இந்திய வாசகரிடம் நன்றாகப் பரவியது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி பலவீனமானது. முதல் உலகப் போரின்போது கிறிஸ்டி டார்கீ நகரில் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தார். துப்பறியும் கதை எழுதும் எண்ணம் அங்கே வந்ததாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். புரோமைடு வித்தை தெரிந்துகொள்ள அவருக்கு முசோரி தேவைப்படவில்லை. தாழிட்ட கதவும் தூரத்துத் தோழியும் பொருந்துவது உண்மைதான், ஆனால் அதைத் தற்செயல் என்று தள்ளினாலும் ஒன்றும் குறையாது. கிப்ளிங் சவாயில் தங்கியதாகச் சொல்வது அதைவிட எளிதில் உடையும்: ஹோட்டல் திறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய இந்திய வாழ்க்கை முடிந்துவிட்டது.

நாட்டு விடுதலைக்குப் பிறகு நெடுங்காலம் களையிழந்து கிடந்த சவாய்க் கட்டடம், புதுப்பிக்கப்பட்டு ஐடிசி குழுமத்தின் கீழ் வந்தது. நம் ஊரில் பேய் வீடு என்று பெயரெடுத்த வீட்டுக்குக் குடித்தனம் வராது, வாடகை விழும். ஹோட்டலில் கணக்கு தலைகீழ். அமெரிக்காவின் கொலராடோவில் 1909இல் திறந்த ஸ்டான்லி ஹோட்டல், 1974இல் ஸ்டீபன் கிங் அங்கே தங்கி 'தி ஷைனிங்' நாவலுக்குக் கரு எடுத்த பிறகு, பேய்ச் சுற்றுலாவையே வருமானமாக்கிக்கொண்டது. மைசூர் உடையார்களின் கோடைக்கால மாளிகையாக இருந்து ஹோட்டலான ஊட்டி ஃபெர்ன்ஹில் அரண்மனைக்கு, 2002இல் வந்த 'ராஸ்' இந்திப்படம் கதையைக் கொடுத்தது. படக்குழுவினர் இரவில் மேல்மாடியில் மேசை நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டு, வரவேற்புக்கு போன் போட்டால் போன் வேலை செய்யவில்லையாம். காலையில் விசாரித்தபோது, இதற்கு மேல்மாடியே கிடையாது என்றார்களாம். பேய்ப்படம் எடுக்கப் போனவர்கள் சொன்ன கதை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தெருப்பேய்க்கு இந்த விளம்பரம் எதுவும் தேவைப்படுவதில்லை. 1990களில் பெங்களூரில் பரவிய 'நாளே பா' வதந்தியில் பேய்க்குப் பெயரும் கிடையாது, வரலாறும் கிடையாது. ராத்திரி தெரிந்தவர் குரலில் கதவு தட்டும், திறந்தால் சாவு. அதனால் 'நாளைக்கு வா' என்று கன்னடத்தில் கதவில் எழுதி வைத்தார்கள். வந்து படித்துவிட்டு அது போய்விடுமாம், மறுநாள் வந்தாலும் அதே பதில்தான். 2018இல் இந்த உத்தியை எடுத்துக்கொண்ட 'ஸ்த்ரீ' இந்திப்படம், கதையை மத்தியப் பிரதேசத்தின் சந்தேரிக்குக் கொண்டுபோய்விட்டது.